உப்பு ஆகாதவள்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது இருந்தால் சுவரை ஒட்டி உட்காரட்டும், இடுப்புக்குச் சாய்மானம் வேண்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தரப்போகிறேன். இதில் ராசாவும் கிடையாது, பேயும் கிடையாது. ஒரே ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி கம்பெனி வாசலில் நின்றாள். அவளுடைய கதைதான். என்ன சொல் என்கிறீர்களா? உப்பு.

சுனாமி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். காரியாபட்டிப் பக்கத்துக் கடலைக்காட்டில் வளர்ந்த ரோஜா, நாரணாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். புருஷன் அன்பரசன் பட்டாசு லோடு லாரியில் வடக்கே போகிறவன். சீசன் தொடங்கிவிட்டால் அவன் முகம் தெருவுக்கே மறந்துபோகும். வீட்டில் ரோஜாவும் மாமியார் சோலையம்மாளும்தான். இரண்டு பேருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள், கேட்டுக்குள் போனதும் வேலைக் கொட்டகைக்குக் கொட்டகை பிரிவார்கள். சோலையம்மாள் காகிதக் குழாய் உருட்டும் செட்டுக்கு. ரோஜா உப்புச் செட்டுக்கு.

பட்டாசுக் கம்பெனியில் உப்பு என்றால் அது குழம்புக்குப் போடுகிற உப்பு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வெடியுப்பு ஒன்று, பச்சை உப்பு ஒன்று. பச்சை என்பது பேரில்தான், பார்வைக்கு வெள்ளை. கொளுத்தினால்தான் பச்சையாய் எரியும். மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைக் கட்டி உடைத்து, சல்லடையில் சலித்து, மருந்து கலக்குகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சலிக்கும்போது மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி தூசி பறக்கும். புருவம் வெளுக்கும், நகக்கண் வெளுக்கும். அங்கே வேலை செய்கிற பெண்ணை வழியில் பார்த்து, "எங்கனடி வேலை?" என்று கேட்டால், "உப்புல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

ரோஜாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லுவதற்கு முன்னாலேயே போய்விட்டது. மறுபடி உண்டானபோது இரண்டு பெண்களும் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. சோலையம்மாள் மாரியம்மனுக்கு ஒரு மஞ்சள்துணி முடிந்து வைத்தாள். ரோஜா பஸ்ஸில் ஏறும்போது மட்டும் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளப் பழகினாள்.

ஆடி மாசம் ரோஜாவுக்கு ஊசி போட இரண்டு பேரும் நர்ஸம்மா வினோலியாவிடம் போனார்கள். கழுத்தில் சின்னச் சிலுவை, எட்டூருக்குக் கேட்கிற குரல். ரோஜாவின் கையைப் பிடித்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள். உள்ளே ரோஜா சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் நின்ற சோலையம்மாளிடம் சொன்னாள்:

"பெரியம்மா, உங்க மருமக நகத்தைப் பாத்தீகளா? எம்புட்டு வெள்ளையா இருக்கு! பிள்ளை பெறக்குற வரைக்கும் அவளை உப்புப் பக்கமே விடாதீக. தலைவச்சும் படுக்கக் கூடாது, ஆமா."

"சரிம்மா, சரிம்மா" என்றாள் சோலையம்மாள்.

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? நகம் வெளுத்தால் ரத்தம் இல்லை. ரத்தம் இல்லாததற்கு உப்புதான் காரணம். உப்பு ரத்தத்தைச் சுண்ட வைத்துவிடும். அன்றைக்கே அடுப்படியில் இருந்த உப்புச் சாடியைத் தூக்கித் தன் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அதிலிருந்து ரோஜாவுக்கு உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாத பருப்பு. ஊறுகாய் என்ற பேச்சே கூடாது. வாயில் வைத்தால் நனைந்த காகிதத்தைத் தின்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் நர்ஸம்மா சொல்லிவிட்டாளே, போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். சோலையம்மாளும் சும்மா இருக்கவில்லை. குழாயடியில், ரேஷன் கடையில், பஸ்ஸில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்:

"எம் மருமகளுக்கு உப்பு ஆகாது. நர்ஸு சொல்லிருச்சு. ஒரு கல்லு உப்பு அவ வாயில படாமப் பாத்துக்கிருதேன்."

"ஒன்னைய மாதிரி மாமியா கெடைக்கணுமே!" என்று பெண்கள் அதிசயப்பட்டார்கள்.

சொல்லி முடித்து, இரண்டு பேரும் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். ரோஜா நேராக உப்புச் செட்டுக்குள் போய்ச் சல்லடையைக் கையில் எடுப்பாள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, கண்ணுகளா. அவளுக்கே உறைக்கவில்லை.

ஆவணியில் ரோஜாவின் அம்மா முருகம்மாள் ஐந்தாம் மாசச் சோறு கொண்டுவந்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, அதிரசம். எல்லாவற்றுக்கும் அடியில் துணிப்பையில் ஒரு சரம் உப்புக்கண்டம். சித்திரைப் பொங்கலுக்கு வெட்டிய கிடாயின் தொடைக்கறி. உப்பும் மஞ்சளும் மிளகாய் வற்றலும் அரைத்துத் தடவி, கயிற்றில் கோத்து, கூரைமேல் காக்காய்க்குக் காவலிருந்து காயவைத்தது. ரோஜா வயிற்றுப்பிள்ளைக்காரியாகக் கேட்ட ஒரே பண்டம் அதுதான். பையைத் திறந்ததும் அவளுக்கு நாக்கடியில் தண்ணீர் ஊறியது.

சோலையம்மாள் பையை வாங்கிக் கட்டி, கையெட்டாத பரணில் ஏற்றினாள்.

"என்ன மதினி, பிள்ளை ஆசையாக் கேட்டான்னு கொண்டாந்தேன்" என்றாள் முருகம்மாள்.

"பேருலயே உப்பை வச்சுக்கிட்டு வந்திருக்கு, அதைப் போய் அவளுக்குக் குடுக்கவா? பெத்தவ நீங்களே இப்படிச் செய்யலாமா?"

முருகம்மாள் முகம் வாடி ஊருக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து ரோஜாவுக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஒரு சாயங்காலம் சோலையம்மாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, மரப்பெட்டி போட்டு ஏறிப் பையை இறக்கினாள். ஒரு துண்டை உருவி, அடுப்புத் தணலில் புரட்டி வாட்டினாள். ஓரம் கருகியதும் பொறுக்கவில்லை. ஊதி ஊதிக் கடித்தாள். ஆகா, அந்த உப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாசம் தெருமுனைக்குப் போயிருக்க வேண்டும். குடத்தோடு சோலையம்மாள் ஓடிவந்தாள்.

"ஏ புள்ள! என்ன காரியம் செஞ்ச?"

"நாக்கு செத்துப்போச்சு அத்தே. ஒரு துண்டுதான்."

"ஒரு துண்டு! போன தடவை மாதிரி போயிருச்சுன்னா உங்க ஆத்தாளா வந்து குடுப்பா?"

சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்று அழுதாள் அந்தப் பொம்பளை. ரோஜாவுக்கு வாயிலிருந்த கறி கல்லாகிவிட்டது. திட்டினால் தாங்கியிருப்பாள். அழுததுதான் அவளைப் பயமுறுத்தியது.

விடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நர்ஸம்மாவிடம் தனியாகப் போனாள்.

"என்ன, இன்னைக்கு ஒன் நாள் இல்லையே?" என்றாள் வினோலியா.

"சிஸ்டர், நான் உப்புக்கண்டம் தின்னுட்டேன்."

"தின்னா?"

"நீங்கதான உப்பு ஆகாதுன்னீக."

"நானா? எப்ப?"

"அத்தைகிட்ட. உப்புப் பக்கமே விடாதீகன்னு. அன்னையிலருந்து எனக்கு உப்பில்லாக் கஞ்சிதான் சிஸ்டர்."

வினோலியா பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப எங்கன வேலை பாக்குற?"

"உப்புலதான்."

நர்ஸம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் ரோஜாவின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் அதே வெள்ளை. சிரிப்பு நின்றுவிட்டது.

"அடிப் பாவிகளா! தின்னுற உப்பைப் பிடுங்கிட்டு, தின்னக் கூடாத உப்புக்குள்ள கொண்டுபோய் ஒக்கார வச்சிருக்கீகளே! நான் சொன்னது கம்பெனி உப்பைடி. பச்சை உப்புத் தூசியை மூக்கால இழுக்குறது ஒனக்கே ஆகாது, ஒன் வயித்துல உள்ளதுக்கு ஆகுமா? இன்னைக்கோட அந்தச் செட்டுக்குள்ள கால வைக்காத."

ரோஜா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உப்புக்கண்டம்?"

"எப்படித் தின்ன?"

"தணல்ல வாட்டி."

"அது தப்பு. வாட்டுனா மேல கருகும், உள்ள பச்சையாத்தான் கெடக்கும். காயப்போட்டாச்சு, உப்புப் போட்டாச்சுன்னா கிருமி செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. மத்தவ ஒடம்பு தாங்கிரும், வயித்துப்பிள்ளை தாங்காது. காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா? இல்லையா? நல்லது. அடிச்சா அந்த நிமிசமே இங்க வரணும்."

"தின்னவே கூடாதா சிஸ்டர்?"

"யாரு சொன்னா? பூசணம் பிடிச்ச துண்டைத் தூரப் போடு. மிச்சத்தை வெந்நியில ஊறப்போட்டு அந்தத் தண்ணியக் கொட்டு, பாதி உப்பு போயிரும். அப்புறம் குக்கர்ல வச்சு நாரு நாராப் பிரியுற வரைக்கும் வேக வை. ஆவி பறக்கத் தின்னு, ஆறிப்போனதை மறுநாளைக்கு வச்சுத் திங்காத. ஆசைக்கு எப்பவாச்சும் ஒரு நாள். தெனம் தின்னா பிரசர் ஏறும்."

"பேக்கரியில ஐஸ்பெட்டிக்குள்ள சாசேஜுன்னு கறியடைச்ச குழல் ஒண்ணு வச்சிருக்கானே, எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்து தாரேன்னு சொன்னாரு."

"ஒனக்கு நாக்கு ரொம்ப நீளம்டி. அதுக்கும் அதே சட்டம்தான். நல்லாச் சூடேத்தி வேகாம வாயில வைக்காத. குழம்புக்கு உப்பு அளவாப் போட்டுச் சாப்பிடு. இரு, போர்மேனுக்கு ஒரு சீட்டு எழுதித் தாரேன்."

"வேண்டாம் சிஸ்டர்" என்று எழுந்தாள் ரோஜா. "சீட்டுன்னா அவரு கிழிச்சு எறிஞ்சிருவாரு. கிழிக்க முடியாதது ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

சாயங்காலம் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சோலையம்மாள் நம்பவில்லை. நம்பினால் அடுத்து என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சீசன் நேரத்தில் செட்டு மாற்றிக் கேட்டவர்களை வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள்.

"கம்பெனி உப்பை யாராச்சும் திங்காகளா? நர்ஸு இப்ப மாத்திப் பேசுது. நானும் அதே உப்புல இருந்துதான் நாலு பெத்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

"நாலுல ரெண்டு எங்க அத்தே?"

சோலையம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே கூட்டியிருந்த வாசலை மறுபடியும் கூட்டப் போனாள்.

மறுநாள் காலை கம்பெனி வாசல். போர்மேன் சண்முகவேல் தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு, யார் எந்தச் செட்டு என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். குழாயடியில் பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு நின்றார்கள். ரோஜா காகிதச் செட்டு வரிசையில் போய் நின்றாள்.

"ஏ ரோஜா, வழி மறந்துபோச்சா? உப்புச் செட்டு அங்கிட்டு."

"மறக்கலண்ணே. எனக்கு உப்பு ஆகாது."

குழாயடியில் சிரிப்பு வெடித்தது. அந்தச் சொல்லைக் கேட்காத காது அங்கே இல்லை.

"அது ஒங்க வீட்டுக் குழம்புக்கு" என்றார் சண்முகவேல்.

"குழம்புக்கு மட்டும்னு எங்க அத்தை சொல்லலையே! பஸ்ஸுல சொன்னாக, ரேசன் கடையில சொன்னாக, இதே குழாயடியில சொன்னாக. உப்பு ஆகாதுன்னுதான் சொன்னாக. எந்த உப்புன்னு சொன்னாகளா? ஏக்கா, நீங்க யாராச்சும் கேட்டீகளா?"

"கேக்கலையே தாயி" என்றாள் ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு.

"வீட்டுல ஒரு கல்லு உப்பை எடுத்தா கையைத் தட்டிவிடுதாக. இங்கன மூட்டை உப்பை மூக்கால இழுக்கச் சொல்லுதீக. நான் யாரு சொல்லைக் கேக்க? பெரியவுக சொல்லை மீறலாமாண்ணே?"

சண்முகவேலுக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. "பெரிய ஆர்டர் நிக்குது, வாயாடிக்கிட்டு இருக்க! முடியாதுன்னா வீட்டுக்குப் போ. ஆளா கெடைக்காது?"

"போறேன். ஆனா சும்மா போக மாட்டேன். வழியில உள்ள ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் நின்னு, இங்கன வயித்துப்பிள்ளைக்காரியை உப்புல ஒக்கார வைக்காகன்னு சொல்லிட்டுத்தான் போவேன். எனக்குக் கால் நல்லா இருக்கு, தொண்டையும் நல்லா இருக்கு."

சண்முகவேல் சுற்றிப் பார்த்தார். காகிதச் செட்டு வரிசையில் சோலையம்மாள் தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"யக்கா, நீயே சொல்லு. அந்த நர்ஸு எந்த உப்பைச் சொன்னுச்சு? வீட்டு உப்பைத்தான?"

ஆமாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். ரோஜா உப்புச் செட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தெருவுக்குப் போக வேண்டும்.

சோலையம்மாள் மருமகளைப் பார்த்தாள். ரோஜாவின் கை வழக்கம்போல வயிற்றின்மேல் இருந்தது. காலை வெயில் அந்த விரல்களில் விழுந்தது. நகம் ரோஸ் நிறமாகத்தான் இருந்தது. நகக்கண்ணில்தான் வெள்ளை, தேய்த்துக் குளித்தும் போகாத வெள்ளை. எம்புட்டு வெள்ளையா இருக்கு என்று நர்ஸம்மா சொன்னது அப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது.

வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏலே சண்முகவேலு, உப்புன்னா உப்புதாம்லே. அதுல என்ன வீட்டு உப்பு, கம்பெனி உப்புன்னு சாதி பிரிக்க? எம் மருமகளுக்கு உப்பு ஆகாது. அன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கும் அதேதான் சொல்லுதேன். நான் என்னைக்குல பேச்சை மாத்துனேன்?"

பேச்சை மாற்றாமலேயே மாற்றிவிட்டாள் பாருங்கள்! ரோஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது உப்புச் செட்டு வரிசையின் கடைசியிலிருந்து மாரிசெல்வி என்ற பெண் மெதுவாக இந்தப் பக்கம் நடந்து வந்தாள். அவளுக்கு வயிற்றில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

"அண்ணே, எனக்கும் உப்பு ஆகாது" என்றாள்.

"ஆளாளுக்கு ஆகாதுன்னா உப்பை யாரு சலிக்க?" என்று கத்தினார் சண்முகவேல்.

"நீ சலி" என்றது குழாயடியிலிருந்து ஒரு குரல். "ஒன் வயித்துல இருக்குறது பிள்ளையா என்ன?"

அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. போங்க, போய்த் தொலைங்க என்று இரண்டு பேரையும் குழாய் உருட்ட அனுப்பினார். அந்த சீசனுக்கு ஆம்பளைகள்தான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புச் சலித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருத்தி வாசலில் வந்து எனக்கு உப்பு ஆகாது என்றால், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எத்தனையாவது மாசம் என்று மட்டும் பெண்கள் காதோடு கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாளே பரணிலிருந்து பையை இறக்கினாள். மன்னிப்பு, வருத்தம் என்று ஒன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை. சரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தாள். பூத்திருந்த இரண்டைக் குப்பையில் எறிந்தாள். மிச்சத்தை வெந்நீரில் போட்டாள்.

"இந்தத் தண்ணியக் கொட்டணுமாக்கும்?"

"ஆமா அத்தே."

"எம்புட்டு நேரம் வேகணும்?"

"நாரு நாராப் பிரியுற வரைக்கும்."

குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது. சோலையம்மாள் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். பிரியவில்லை. மறுபடி மூடி வைத்தாள். பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தம் சுவருக்குமேல் தலையை நீட்டினாள்.

"ஏக்கா, மருமகளுக்கு உப்பு ஆகாதுன்ன? உப்புக்கண்ட வாசம் தெருவையே தூக்குதே?"

"போடி. இது கண்டம். இதுல இருந்த உப்பை நான் கொட்டிட்டேன்."

இரண்டாம் தடவை திறந்தபோது கறி தொட்டதும் பஞ்சாய்ப் பிரிந்தது. கத்திரிக்காயும் போட்டுக் குழம்பைக் கொதிக்க விட்டு, ஆவி அடங்குமுன் சோற்றில் ஊற்றினாள். ரோஜா ஒரு வாய் எடுத்து வைத்தாள். இன்னொரு வாய். பிறகு நிறுத்தினாள்.

"என்ன?" என்றாள் சோலையம்மாள் பதறிப்போய்.

"அத்தே... உப்பு கொஞ்சம் பத்தல."

சோலையம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். எழுந்தாள். தகரப்பெட்டியைத் திறந்து, சாடியை எடுத்துக்கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கோ. அளவா."

தை மாசம் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல தொண்டை. அழுதால் நர்ஸம்மா வீடு வரை கேட்குமாம்.

அம்புட்டுத்தான் கண்ணுகளா. நீங்கள் எல்லோரும் நல்லா இருக்கணும். உங்கள் அடுப்பில் வைத்தது எல்லாம் நன்றாக வேகட்டும், உங்கள் இலையில் விழுவது ஆவி பறக்க விழட்டும். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி ஆகாது என்று சொன்னால், அவளோடு சேர்ந்து சொல்ல வீட்டில் இன்னொரு வாய் இருக்கட்டும். வயிற்றில் இருப்பது முழுசாய்ப் பிறந்து, முற்றம் நிறைய ஓடட்டும். உங்கள் உப்புச் சாடி எந்தப் பெட்டிக்குள்ளும் போகாமல், கைக்கு எட்டுகிற இடத்தில் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.